ஜோ ஹாரியட்டுக்கு ஒரு தனி அத்தியாயம்: உலக இசை பற்றித் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே, விமர்சகர்களே, இசைப் பட்டறை நடத்தும் நண்பர்களே,

வணக்கம். ஜாஸ் என்றால் நட்சத்திர ஹோட்டல் லாபியில் மெதுவாக ஒலிக்கும் ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்த பலரை மைல்ஸ் டேவிஸ், ஜான் கோல்ட்ரேன் வரைக்கும் கூட்டிவந்தவர்கள் நீங்கள். அதற்கு முதலில் நன்றி. இது புகார் மடல்தான். ஆனால் உங்களை விடாமல் படிக்கிற வாசகனின் புகார்.

நீங்கள் சொல்லும் ஜாஸ் வரலாறு எப்போதும் ஒரே தடத்தில்தான் போகிறது. நியூ ஆர்லியன்ஸில் கிளம்பி, சிகாகோவில் கொஞ்சம் நின்று, நியூயார்க்கில் பீபாப் என்ற வேகமான, சிக்கலான பாணி ஆகிறது. 1959, 60 வாக்கில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் வந்து இருக்கிற கட்டுகளையெல்லாம் அவிழ்த்துவிடுகிறார். அங்கிருந்து கோல்ட்ரேன், அப்புறம் ஜாஸோடு வேறு இசைகளைக் கலக்கும் ஃபியூஷன், அப்புறம் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் இந்தியக் கலைஞர்களோடு அவர் அமைத்த சக்தி குழுவும். விக்கு விநாயக்ராமின் கடம் ஒலித்ததும் கட்டுரை நம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடும், நமக்கும் ஒரு திருப்தி. இந்தப் பயணத்தில் பிரிட்டன் எங்கே வருகிறது? அமெரிக்கர்கள் கச்சேரி செய்யப் போகிற ஊராக வருகிறது. அவ்வளவுதான்.

ஜமைக்காவிலிருந்து லண்டன் வந்த சாக்ஸபோன் கலைஞர் ஜோ ஹாரியட்டின் பெயர் எப்போதாவது தலைகாட்டும், அதுவும் இரண்டே இடங்களில். ஒன்று, பீபாபின் பெரிய அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரோடு ஒப்பிட்டு, 'இங்கிலாந்தின் சார்லி பார்க்கர்' என்ற அடைமொழியோடு. இன்னொன்று, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்து பார்த்த முன்னோடிகளின் பட்டியலில். இரண்டும் பொய் இல்லை. ஆனால் இரண்டிலுமே அவர் வேறு யாருடைய கதைக்கோ துணைப் பாத்திரம். 1960க்கும் 1962க்கும் இடையில் லண்டனில் அவரும் அவருடைய ஐவர் குழுவும் செய்த காரியம் தனி அத்தியாயத்துக்கு உரியது என்பது என் கட்சி.

ஆள் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோசப் ஆர்தர்லின் ஹாரியட், ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1928 ஜூலை 15 அன்று பிறந்தவர். பெற்றோர் இல்லாத பிள்ளை. வளர்ந்தது ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில். கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி அது. ஆதரவற்ற பையன்களுக்கும், வீட்டுக்கு அடங்காத பையன்களுக்கும் கைத்தொழில் கற்றுக்கொடுப்பார்கள். அங்கே பேண்ட் வாத்தியமும் ஒரு கைத்தொழில். இந்தப் பள்ளியைப் பற்றி மட்டுமே நீங்கள் ஒரு கட்டுரை எழுதலாம். டிஸ்ஸி ரீஸ், ஹரால்ட் மெக்நேர் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அங்கிருந்து வந்தவர்கள். ஸ்கா என்ற ஜமைக்கா நடன இசையை வளர்த்தெடுத்த ஸ்கடலைட்ஸ் குழுவின் டான் டிரம்மண்டும் டாமி மெக்குக்கும் அதே பள்ளிப் பிள்ளைகள்தான். பாப் மார்லியின் ரெக்கேவுக்கு முந்தைய தலைமுறையும் பிரிட்டிஷ் ஜாஸின் ஒரு முக்கியக் கிளையும் ஒரே முற்றத்தில் ஸ்வரம் படித்திருக்கின்றன என்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

ஹாரியட் முதலில் கற்றது கிளாரினெட். அப்புறம் ஆல்ட்டோ சாக்ஸபோன். 1951இல் ஆஸி டா காஸ்டாவின் குழுவோடு இங்கிலாந்து வந்தார், திரும்பிப் போகவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி காலனி நாட்டவரும் பிரிட்டிஷ் குடிமக்கள்தான், அதனால் வந்து தங்குவதில் சிக்கல் இல்லை. அறை வாடகைக்குக் கேட்டுப் போகும்போதுதான் சட்டத்துக்கும் தெருவுக்கும் உள்ள தூரம் தெரியும். 1958இல் நாட்டிங் ஹில்லில் கரீபியர்களை வெள்ளைக்காரக் கும்பல்கள் துரத்தித் துரத்தித் தாக்கியபோது ஹாரியட் லண்டனில் ஏழாண்டுவாசி.

50களில் அவருடைய தொழில் வாழ்க்கை நன்றாகவே போனது. டிரம்ஸ் கலைஞர் டோனி கின்ஸியின் குழுவில் வாசித்தார், ரானி ஸ்காட்டின் பெரிய பேண்டில் வாசித்தார். டெனிஸ் பிரெஸ்டன் என்ற சுயேச்சைத் தயாரிப்பாளர் அவரைப் பிடித்துக்கொண்டார். லேன்ஸ்டவுன் ஸ்டுடியோவில் ஹாரியட்டின் முக்கியமான பதிவுகளை எடுத்தவர் இவர்தான். பெரிய கம்பெனிகள் யோசித்து முடிப்பதற்குள் பிரெஸ்டன் பதிவை முடித்து அவர்களிடமே விற்றுவிடுவார். இப்படி ஒருவர் பின்னால் இல்லாமல் ஹாரியட்டின் துணிச்சலான ஆல்பங்கள் எதுவும் நமக்குக் கிடைத்திருக்காது.

பார்க்கர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் ஆல்ட்டோ சாக்ஸபோனைக் கையில் எடுத்த எவரும் சார்லி பார்க்கரைத் தாண்டிப் போக முடியாது. ஹாரியட்டும் பார்க்கரைக் கரைத்துக் குடித்தவர்தான். 1960இல் வெளிவந்த 'சதர்ன் ஹொரைசன்ஸ்' ஆல்பத்தைக் கேட்டால் அது தெரியும். ஆனால் அவருடைய நாதம் வேறு. இன்னும் முரடானது, ஒவ்வொரு சொற்றொடரையும் கடித்துத் துப்புகிற மாதிரி ஒரு வேகம், மெதுவான பாட்டில்கூட அடியில் ஒரு எரிச்சல். பார்க்கர் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவரிடம் ஒரு சொகுசு இருக்கும். ஹாரியட்டிடம் அது கிடையாது. இந்த ஒப்பீட்டைப் பற்றி ஹாரியட்டே சொன்ன வாக்கியம் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது: பார்க்கரா, இந்தப் பக்கத்திலும் துருப்புச்சீட்டு இறக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்கிற பொருளில். சவுத்தாம்ப்டன் பக்கம் பிட்டர்ன் என்ற இடத்தில் இருக்கிறது அந்தக் கல். கல்லறையில் இருந்துகொண்டே மறுத்துக்கொண்டிருக்கிறார், நாம்தான் விடாமல் அதே அடைமொழியை ஒட்டுகிறோம்.

1958இல் ஹாரியட்டுக்கு நுரையீரலில் நோய் வந்து நீண்ட நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று. மூச்சை வைத்துப் பிழைக்கிறவருக்கு இது என்ன மாதிரி அடி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாத்தியம் கையில் இல்லாமல் படுத்திருந்த அந்த நாட்களில்தான் 'ஃப்ரீ ஃபார்ம்' என்று பின்னால் அவர் பெயரிட்ட இசையை மனதுக்குள் கட்டிப் பார்த்தார்.

அந்த இசை என்ன? இதை விளக்கும்போதுதான் நம்மில் பலர் 'விதிகளை உடைத்தார்', 'சுதந்திர இசை' என்று இரண்டு வார்த்தையில் நழுவிவிடுகிறோம். ஹாரியட் அப்படி நழுவவில்லை. 'அப்ஸ்ட்ராக்ட்' ஆல்பத்தின் உறையிலேயே தன் முறையை எழுதிவைத்திருக்கிறார். சாரம் இது: இன்றைய ஜாஸில் மாறாத தாளக் கணக்கு இருக்கிறது, சீரான நான்கு தட்டு நடை இருக்கிறது, முதலில் ஒரு மெட்டு இருக்கிறது, இன்னது வரும் என்று ஊகிக்கக்கூடிய கார்டு வரிசை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளின் வரிசை) இருக்கிறது, இத்தனை பார் (தாளப் பகுதி) முடிந்தால் அடுத்த சுற்று என்ற பிரிவு இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு உருப்படியிலும் இவற்றில் ஒன்றையாவது வைத்துக்கொள்வோம். மனநிலை கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவோம்.

'ஒன்றையாவது' என்பதைக் கவனியுங்கள். இது எல்லாவற்றையும் உடைத்தெறிகிறேன் என்ற கோஷம் இல்லை, வேலை செய்கிறவரின் குறிப்பு. எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது என்று உருப்படிக்கு உருப்படி ஒரு முடிவு. 'ஃப்ரீ ஃபார்ம்' ஆல்பத்தில் 'கலிப்சோ ஸ்கெட்சஸ்' என்று ஒன்று இருக்கிறது. அதில் பிடித்துக்கொண்டது கலிப்சோ என்ற கரீபிய இசையின் நடை. கீழே தீவின் ஆட்டத் துள்ளல் ஓடிக்கொண்டே இருக்க, மேலே சாக்ஸபோனும் டிரம்பெட்டும் எந்தக் கார்டுக்கும் கட்டுப்படாமல் ஒன்றை ஒன்று கிண்டல் செய்துகொள்ளும். மற்ற சில உருப்படிகளில் நடையே நின்றுபோகும். ஐந்து பேரும் சட்டென்று மௌனமாவார்கள், பியானோவில் நாலைந்து ஸ்வரம் சிதறும், சாக்ஸபோன் அதைக் கேட்டு வேறு வேகத்தில் கிளம்பும். திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற ஐந்து பேரைப் போல, ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் யாரும் யாரையும் கேட்காமலும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. நம்மவர்களுக்கு விளக்கும்போது 'இது நம் ஆலாபனை மாதிரி' என்று சொல்லிவிடத் தோன்றும். தயவுசெய்து சொல்லாதீர்கள். ஆலாபனையில் தாளம் இல்லை, சரி. ஆனால் ராகம் என்ற உறுதியான எல்லை இருக்கிறது. ஒருவர் முன்னால் போவார், வயலின் பின்னால் வரும். ஹாரியட்டின் குழுவில் யார் முன்னால் என்பது நொடிக்கு நொடி மாறும், எல்லையும் ஒவ்வொரு உருப்படிக்கும் வேறு. ஒப்பிட்டே ஆக வேண்டும் என்றால் மனோதர்மத்தை ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் பிரித்துக்கொடுத்தது என்று சொல்லலாம். அதுவும் முழுக்கப் பொருந்தாது.

இந்த ஐந்து பேர் யார் என்று சொல்லாமல் ஹாரியட்டைப் பற்றி எழுதுவது வீண். பியானோவில் பேட் ஸ்மைத், எடின்பரோக்காரர், இசைக்கு முழுநேரமாக வருவதற்கு முன் வழக்கறிஞர். டிரம்பெட், ஃப்ளூகல்ஹார்னில் ஷேக் கீன், செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர், கவிஞர். 'ஷேக்' என்ற பட்டப்பெயரே ஷேக்ஸ்பியரிலிருந்து வந்தது. பிற்காலத்தில் கவிதைக்காகக் கியூபாவின் காஸா தெ லாஸ் அமெரிக்காஸ் பரிசு பெற்றார். டிரம்ஸில் முதலில் ஃபில் சீமன், பிறகு பாபி ஓர். சீமன் அன்றைய பிரிட்டனின் ஆகச் சிறந்த டிரம்மர் என்று சக கலைஞர்களே ஒப்புக்கொண்டவர், க்ரீம் என்ற ராக் குழுவின் டிரம்மர் ஜிஞ்சர் பேக்கருக்கு வழிகாட்டி, ஹெராயினால் தேய்ந்துபோனவர்.

பேஸில் கோல்ரிட்ஜ் குட். இவருக்காகக் கொஞ்சம் நிற்கிறேன். 1914இல் கிங்ஸ்டனில் பிறந்தவர். அப்பா தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர்; கறுப்பின இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லரின் நினைவாக மகனுக்கு அந்தப் பெயர். 1934இல் மின்பொறியியல் படிக்கக் கிளாஸ்கோ வந்தவர், பேஸ் வாத்தியத்தின் பக்கம் திரும்பிவிட்டார். 1946இல் புகழ்பெற்ற கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டும் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் லண்டனில் மறுபடி சேர்ந்து பதிவு செய்தபோது பேஸ் வாசித்தவர் இவர். வில்லால் இழுத்துக்கொண்டே அதே ஸ்வரங்களை வாயால் முனகுவது அவர் பாணி. ஹாரியட்டின் புது இசையைத் தூக்கிக்கொண்டு போனது பெரும்பாலும் இவருடைய தோள்தான் என்பேன். கார்டு வரிசை இருந்தால் பேஸ் வாசிப்பவருக்கு எங்கே கால் வைப்பது என்று தெரியும். அதை எடுத்துவிட்டால் அவர்தான் நொடிக்கு நொடி தரையைப் போட்டுக்கொண்டே போக வேண்டும். நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, பீபாபுக்கு முந்தைய ஸ்விங் பாணியின் காலத்தில் வளர்ந்த ஒருவர், இந்தப் பரீட்சையில் இறங்கினார். 2015இல், நூறு வயது நிறைந்தபின் காலமானார்.

இப்போது தேதிகள். 'ஃப்ரீ ஃபார்ம்' பதிவானது 1960 நவம்பரில். ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' பதிவானது அதே ஆண்டு டிசம்பர் 21இல். உடனே 'லண்டன்தான் முந்தியது' என்று கொடி பிடிக்க வேண்டாம். கோல்மன் 1958லேயே பதிவுகளைத் தொடங்கிவிட்டார், 1959இல் நியூயார்க்கையே கலக்கிவிட்டார். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இருவரின் இசையும் வேறு வேறு கேள்விகளிலிருந்து பிறந்தவை. கோல்மனின் நால்வர் குழு பியானோவை வெளியே அனுப்பிவிட்டது, ஏனென்றால் பியானோ வந்தால் கார்டும் கூடவே வந்துவிடும். ஹாரியட் பியானோவை உள்ளேயே வைத்துக்கொண்டு அதன் வேலையை மாற்றினார். கோல்மனிடம் நடை பெரும்பாலும் நிற்காமல் ஓடும், மெட்டு முன்னால் வரும், பிறகு தனி ஆவர்த்தனங்கள். ஹாரியட்டிடம் நடை உடையும், நிற்கும், திரும்பும். தனியாக ஒருவர் நீளமாக வாசிப்பதைவிட ஐவரும் சேர்ந்து பேசுவதுதான் முக்கியம். ஒருவரை மற்றவரின் நகல் என்று சொல்கிறவர் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருக்க மாட்டார்.

'அப்ஸ்ட்ராக்ட்' 1961 நவம்பரிலும் 1962 மேயிலும் பதிவானது. (இதே பெயரில் முந்தைய ஆல்பத்தில் ஒரு உருப்படி இருக்கிறது; பட்டியல் போடும்போது குழம்பிவிடாதீர்கள்.) ஒரு அமர்வுக்கும் இன்னொன்றுக்கும் இடையில் காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது, 1962 ஜூலை 1 முதல் கரீபியர்களுக்குக் கதவு பாதி சாத்தப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா விடுதலை பெற்றது. இந்த ஆல்பத்தை அரசியல் பிரகடனமாக வாசிக்க ஹாரியட் எந்த ஆதாரமும் தரவில்லை, நானும் வாசிக்க மாட்டேன். ஆனால் கறுப்பு அமெரிக்க இசைக்கும் அன்றைய அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் பக்கம் பக்கமாக எழுதுகிற நீங்கள், லண்டன் கறுப்பர்களின் இசை என்று வரும்போது மட்டும் வெறும் ஸ்வர விளக்கத்தோடு நிறுத்திவிடுகிறீர்கள்.

அமெரிக்காவின் 'டவுன் பீட்' பத்திரிகையில் ஹார்வி பீக்கர் 'அப்ஸ்ட்ராக்ட்'டுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். ஆமாம், பின்னாளில் தன் அன்றாட வாழ்க்கையைக் காமிக்ஸாக எழுதிப் பேர் வாங்கிய அதே பீக்கர். பிரிட்டிஷ் ஜாஸ் ஆல்பம் ஒன்று அந்தப் பத்திரிகையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுதான் முதல் தடவை. வெளியூரில் இந்த மரியாதை. உள்ளூரில் விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள், கிளப் ரசிகர்களில் பாதிப்பேர் ஆடுவதற்கும் தலையாட்டுவதற்கும் ஒன்றும் கிடைக்காமல் முழித்தார்கள். ஹாரியட் நடைமுறை தெரிந்தவர். புது இசையை வாசித்த அதே இரவில் பீபாபும் வாசிப்பார். 1963இல் வந்த 'மூவ்மென்ட்' ஆல்பத்திலேயே இரண்டும் கலந்திருக்கும். சமரசம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஐந்து குடும்பத்துக்கு வாடகை கொடுக்க வேண்டிய குழுத் தலைவரின் இடத்தில் நின்று பார்த்துவிட்டு எழுதட்டும். அதோடு, பீபாப் வாசிக்கும்போதும் அவர் அரை மனதோடு வாசித்ததாக ஒரு பதிவிலும் எனக்குக் கேட்கவில்லை.

60களின் நடுவில் ஷேக் கீன் ஜெர்மனிக்குப் போனார். அந்த ஐவர் குழு அத்தோடு முடிந்தது.

இனி நமக்குப் பிடித்த பகுதி, சிதார் வருகிற பகுதி. கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர், உதவித்தொகையில் ராயல் அகாடமிக்குப் படிக்க வந்து லண்டன் இசைக்குழுக்களில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தவர், கூடவே இசையமைப்பாளர். மேயரின் இசையையும் ஹாரியட்டின் ஆட்களையும் சேர்த்துவைத்தவர் மறுபடியும் டெனிஸ் பிரெஸ்டன்தான். ஐந்து ஜாஸ் கலைஞர்கள், எதிரே சிதார், தபலா, தம்பூரா, புல்லாங்குழல், மேயரின் வயலின் என்று இன்னொரு ஐந்து. 1966இல் 'இந்தோ-ஜாஸ் சூட்' வந்தது. பீட்டில்ஸ் ஆல்பத்தில் சிதார் ஒலித்துச் சில மாதங்களே ஆகியிருந்த நேரம், அதனால் நன்றாகவே போனது. பிறகு 'இந்தோ-ஜாஸ் ஃபியூஷன்ஸ்' என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள், கச்சேரிகள், விழாக்கள்.

சக்தி குழுவுக்குப் பத்தாண்டு முந்தியது இது. 'இந்தோ-ஜாஸ் சூட்'டில் பேஸ் வாசித்த ரிக் லேர்ட் பின்னால் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் சேர்ந்தார். ஆகவே கோடு போட்டு இணைக்க விரும்புகிறவர்களுக்கு வசதிதான். ஆனால் இங்கேதான் நம் சார்பு வேலை செய்கிறது. இந்திய வாத்தியம் நுழைந்த இடத்திலிருந்துதான் நாம் ஹாரியட்டைக் கவனிக்க ஆரம்பிக்கிறோம், அதையே அவருடைய சாதனை என்று எழுதியும் விடுகிறோம். அந்த ஆல்பங்களின் இசை மேயருடையது. 'ராகா மேக', 'ராகா கௌட் சாரங்' என்று உருப்படிகளுக்குப் பெயரே ராகங்கள்தான். எந்த ஸ்வரங்களில் உலவலாம் என்பதை மேயர் எழுதிக் கொடுப்பார், ஜாஸ்காரர்கள் அந்த வேலிக்குள் மனோதர்மம் செய்ய வேண்டும். எல்லா வேலிகளையும் பிடுங்கிப் பார்த்த ஹாரியட், மூன்றே ஆண்டுகளில் இன்னொருவர் கட்டிய வேலிக்குள் வாசிக்கிறார். அழகாகத்தான் வாசிக்கிறார், மேக ராகத்தில் அவர் நுழையும் இடம் எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் இரண்டு ஐவர் குழுக்களும் பல இடங்களில் மாறி மாறி முறை வைத்து வாசிக்கின்றனவே தவிர ஒன்றுக்குள் ஒன்று இறங்கவில்லை. உறையில் பெரிய எழுத்தில் ஹாரியட் பெயர் இருக்கிறது என்பதற்காக மேயரின் உழைப்பை இவர் கணக்கில் எழுதினால் இருவருக்கும் அநியாயம். மேயர் இந்தப் பாதையை விடவில்லை. 90களில் பர்மிங்ஹாமில் கற்பித்துக்கொண்டிருந்தபோது அதே பெயரில் குழுவை மீண்டும் அமைத்தார்.

இந்தியக் கலைஞரோடு ஹாரியட் உண்மையிலேயே கலந்தது எங்கே என்று கேட்டால், 1969இல் வந்த 'ஹம் தோனோ' என்பேன். பம்பாயில் பிறந்த கோவாக் குடும்பத்துக்காரரான கிதார் கலைஞர் அமான்சியோ டி'சில்வாவோடு சேர்ந்து செய்தது. சிதாரும் இல்லை, தம்பூராவும் இல்லை. டி'சில்வா கிதாரிலேயே வளைவுகளைக் கொண்டுவருகிறார், நார்மா வின்ஸ்டோன் வார்த்தை இல்லாமல் குரலால் கூடவே போகிறார், ஹாரியட் எந்த அவசரமும் இல்லாமல் வாசிக்கிறார். விளம்பரமும் இல்லை, 'கிழக்கும் மேற்கும்' என்ற பறைசாற்றலும் இல்லை. பல பத்தாண்டுகள் மறுபதிப்பு இல்லாமல் கிடந்தது, பழைய ரெக்கார்டு சேகரிப்பவர்கள் கொள்ளை விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசி ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தக் குழு கிடையாது. ஊர் ஊராகப் போய் அங்கங்கே கிடைத்த உள்ளூர்க் கலைஞர்களோடு வாசித்தார். ராக் இசை வந்து ஜாஸ் கிளப்புகளின் கூட்டத்தைக் கொண்டுபோய்விட்டிருந்தது. உடம்பும் படுத்தியது. 1973 ஜனவரி 2 அன்று சவுத்தாம்ப்டனில் புற்றுநோயால் இறந்தார். வயது 44.

இதைப் படித்ததும் உங்களில் சிலருக்குக் கை பரபரக்கும் என்று தெரியும்: 'வறுமையில் மறைந்த மாமேதை', 'உலகம் மறந்த கலைஞன்'. வேண்டாம். கடைசி மூன்று வருடத்தை வைத்து முந்தைய இருபது வருடத்துக்குச் சோக வண்ணம் பூசுவது நம் கட்டுரை மரபில் ஒரு கெட்ட பழக்கம். ஹாரியட் லண்டனில் பேர் பெற்ற கலைஞராக வாழ்ந்தவர். மைக்கேல் காரிக்கின் குழுவோடு கவிதை-ஜாஸ் கச்சேரிகளில் வாசித்தார், தன் பெயரில் ஆல்பத்துக்கு மேல் ஆல்பம் போட்டார், திமிராகப் பேசினார், நன்றாக உடுத்தினார். அவர் மறக்கப்படவும் இல்லை. சிகாகோ சாக்ஸபோன் கலைஞர் கென் வேண்டர்மார்க் ஹாரியட்டின் உருப்படிகளை மட்டுமே வைத்து 90களின் இறுதியில் ஒரு முழு ஆல்பம் செய்தார். ஆலன் ராபர்ட்சன் எழுதிய வாழ்க்கை வரலாறு 2003இல் வந்தது. வாசிக்கிறவர்கள் அவரை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரலாறு எழுதுகிறவர்கள்தான் இன்னும் இடம் ஒதுக்கவில்லை.

ஆகவே கேட்பது இதுதான். அடுத்த முறை 1960ஆம் ஆண்டைப் பற்றி எழுதும்போது நியூயார்க் டிசம்பருக்குப் பக்கத்தில் லண்டன் நவம்பரையும் எழுதுங்கள். இரண்டு பத்தி போதும், ஆனால் அடைப்புக்குறிக்குள் போடாதீர்கள். ஃபியூஷன் பற்றி எழுதினால் மேயருக்கு உரியதை மேயருக்கும் ஹாரியட்டுக்கு உரியதை ஹாரியட்டுக்கும் கொடுங்கள். பார்க்கர் பெயரைச் சொல்லாமல் ஹாரியட்டை அறிமுகப்படுத்த முடிகிறதா என்று ஒரு தடவை முயன்று பாருங்கள்.

பட்டறை நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் 'ஃப்ரீ ஃபார்ம்' முழுவதையும் போட்டால் பாதிப் பேர் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். 'சதர்ன் ஹொரைசன்ஸி'லிருந்து ஒன்றைப் போட்டு ஆளின் கைவண்ணத்தைக் காட்டுங்கள். அப்புறம் 'கலிப்சோ ஸ்கெட்சஸ்'. நடை தெரிகிறதா, கார்டு எங்கே போனது என்று கேளுங்கள்; பாடத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு 'அப்ஸ்ட்ராக்ட்'டில் எதை வேண்டுமானாலும் போடலாம். சிதார் ஆல்பத்தைக் கடைசிவரை வெளியே எடுக்காதீர்கள். எடுத்தால் கேள்வி முழுக்க அந்தப் பக்கம் போய்விடும்.

உங்களில் யாராவது இதைப் பற்றித் தமிழில் நீண்ட கட்டுரை எழுத உட்கார்ந்தால், கோல்ரிட்ஜ் குட்டுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். அவர் எழுதிய நினைவுக்குறிப்பு நூல் 2002இல் வெளிவந்திருக்கிறது. அந்தக் குழு ஒத்திகை அறையில் என்ன செய்தது என்பதை உள்ளே இருந்தவரே சொன்னது அது, அதைப் படிக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்